புதுசா வர்றவங்களுக்குப் புல் முடிஞ்சு வைக்கிறது எப்படி?

போன வருஷம் ஹாஸ்டல் காமன் ரூமில் ஐந்து ஜூனியர்களை உட்கார வைத்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தேன் என்பதுதான் தப்பே. பிளேயர்ஸ் ஹேண்ட்புக் முந்நூறு பக்கத்துக்கு மேல் போகும். அதிலிருந்து ஆறு திறன் எண்கள், ஆர்மர் கிளாஸ், ஸ்பெல் ஸ்லாட், இனிஷியேட்டிவ் என்று ஒன்றரை மணி நேரம் போர்டில் எழுதினேன். ஒருத்தன் நோட்ஸ் எடுத்தான், பாவம். கடைசி பெஞ்ச் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் கை தூக்கி, "அக்கா, இதுல விளையாட ஆரம்பிக்கிறது எப்போ?" என்று கேட்டாள். அன்னைக்கு நாங்க விளையாடவே இல்லை. மெஸ் மூடும் நேரம் ஆகிவிட்டது.

அந்த ஐந்து பேரில் நாலு பேர் அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரலை. கேள்வி கேட்ட பெண் மட்டும் வந்தாள். அவளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அதாவது, அடுத்த முறை அவளே ஒரு குழுவை உட்கார வைத்து நடத்தும்போது, நான் பண்ணினதை அவள் பண்ணாமல் இருக்க.

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டு தெரியும். முதல் எபிசோடில் நாலு பசங்க பேஸ்மென்ட்டில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கத்துவார்களே, அதுதான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் வெளியிட்டது. இதற்குத் தனியாக போர்டு வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். ஒருத்தர் கதைசொல்லி, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். கதைசொல்லி ஒரு இடத்தைச் சொல்வார்: "முன்னாடி ஆறு ஓடுது, பாலம் உடைஞ்சு கிடக்கு, பின்னாடி யாரோ வர்ற சத்தம். என்ன பண்றீங்க?" ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் மட்டும் பகடை. சந்தேகமே இல்லாத காரியத்துக்கு உருட்ட வேண்டியதில்லை. மொத்த விளையாட்டும் இதுதான். மற்ற முந்நூறு பக்கமும் இந்த மூன்று வாக்கியத்துக்கு விரிவுரை.

இது எனக்கு உறைத்தது ஜவ்வாது மலையில்.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இலிருந்து அங்கே வேலை செய்கிறது. 1977இல் யுரேனஸுக்கு வளையம் இருக்கிறது என்று உலகம் கண்டுபிடித்த இரவில் காவலூரிலிருந்தும் அதைப் பதிவு செய்தார்கள். அங்கே வானம் பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். மலை ஏறும்போதே மேகம். சாயங்காலம் ஆகும்போது ஒரு நட்சத்திரம்கூட இல்லை, ஜமுனாமரத்தூரில் எடுத்திருந்த ரூமுக்குத் திரும்பினால் கரண்டும் இல்லை. ஆறு பேர், ஒரு மெழுகுவர்த்தி, ஒருத்தி பஸ்ஸில் பொழுது போக வீட்டிலிருந்து எடுத்து வந்த பித்தளைத் தாயக்கட்டை. டி20 பகடையும் இல்லை, ரூல்புக்கும் இல்லை. "அக்கா, அந்த விளையாட்டை இப்போ விளையாடலாமா?" என்றாள் அதே பெண்.

ரூல்புக் இல்லாமல் எங்கிருந்து ஆரம்பிப்பது? அப்போது ஞாபகம் வந்தது மலைபடுகடாம். முதல் செமஸ்டர் தமிழர் மரபு பேப்பருக்காகப் பெயர், பாடியவர், அடிகள் 583 என்று உருப்போட்டதோடு நான் விட்டது. ஆனால் அது எங்களுக்குக் காலடியில் இருந்த கதை. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, அதாவது மலையின் அடிவாரத்தில் இருக்கும் இன்றைய செங்கம். அதில் வரும் சேயாறு ஜவ்வாது மலையில் பிறக்கும் இப்போதைய செய்யாறு. நவிரமலை என்று அதில் வருவது பர்வதமலைதான் என்று பலரும் சொல்கிறார்கள்.

கதை என்ன? நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் ஒரு கூத்தர், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்தைப் பார்த்து, எந்த வழியாகப் போகணும் என்று சொல்கிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் அவர் சொல்லும் விதம் இருக்கே! காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அதனால் விடிந்த பிறகு நடங்கள். குழிகளில் பாம்பு இருக்கும், பார்த்துக் காலை வையுங்கள். புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், அது யார் என்று பார்த்து வராது, மரத்தின் மறைவில் ஒதுங்குங்கள். வழுக்கும் பாறையில் கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். மலையூரில் போய் நாங்கள் நன்னனின் கூத்தர் என்று சொல்லுங்கள், சொந்தக்காரர் போலச் சோறு போடுவார்கள்.

டஞ்சன் மாஸ்டர் வேலையைப் பற்றி நான் படித்த எந்த வழிகாட்டியும் இவ்வளவு சுத்தமாக இல்லை. அந்தக் கூத்தர் கூட்டத்துக்கு நன்னனின் வரலாற்றை முதலில் பாடம் எடுக்கவில்லை. எதிரில் என்ன இருக்கிறது, அதில் ஆபத்து எது, அதற்கு என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்கிறார். ஆபத்தை மறைக்கவும் இல்லை. புது ஆட்டக்காரருக்கு வேண்டியது இந்த மூன்றும்தான். விதி தெரியாததால் அவர்கள் பயப்படுவதில்லை, என்ன செய்யலாம் என்று தெரியாததால்தான் பயப்படுகிறார்கள். "நீ என்ன வேணா பண்ணலாம்" என்று சொன்னால் புதுசா வந்தவர் உறைந்து போவார். "இடது பக்கம் புனம், பரண்ல ஆள் இருக்கு. வலது பக்கம் ஓடை, பாறை வழுக்கும். எப்படிப் போறீங்க?" என்று கேட்டால் பேசாத ஆளும் பேசுவார்.

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரெக்கார்ட் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து ஆளுக்குக் கால் தாள். அதில் நாலு வரி: பெயர், கூட்டத்தில் உங்கள் வேலை, நன்றாக வரும் காரியம் இரண்டு, பயம் ஒன்று. முழவு அடிப்பவர், விறலி, யாழ் வாசிக்கிறவர், சுமை தூக்குகிறவர், வழி தெரியும் என்று பொய் சொல்லிச் சேர்ந்தவர் என்று ஐந்து பாத்திரம் பத்து நிமிஷத்தில் தயார். கடைசி ஆள் யார் எழுதியது என்று தனியாகச் சொல்ல வேண்டாம், மெக்கானிக்கல்தான்.

பகடைக்குத் தாயக்கட்டை. இன்ஜினியரிங் பசங்க பத்திரிகை என்பதால் இங்கே கொஞ்சம் கணக்கு. டி20இல் ஒவ்வொரு எண்ணும் விழ 5 சதவீதம், எல்லா முகமும் சமம். ஐந்தாம் பதிப்பு விதியில் நடுத்தரக் கஷ்டம் என்றால் இலக்கு 15. உங்களுக்கு நன்றாக வரும் வேலையில் +3 இருக்கிறது என்று வைத்தால் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20க்கு 9, அதாவது 45 சதவீதம். தனக்குத் தெரிந்த வேலையிலேயே புது ஆள் பாதிக்கு மேல் தோற்பார், தோற்றால் ஒன்றும் நடக்காது. "பூட்டு திறக்கலை. அடுத்தது யாரு?" இதைவிடப் போர் அடிக்கிற விஷயம் உண்டா?

தாயக்கட்டை அப்படி இல்லை. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நாலு முகம், மொத்தம் 16 வகையாக விழலாம். 3 விழ 4 வழி. 2க்கும் 4க்கும் மும்மூன்று. தாயத்துக்கும் 5க்கும் இரண்டிரண்டு. 6க்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12, அதற்கும் ஒரே வழி. எங்க வீட்டில் தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம். அதையே விதியாக்கினேன். இந்த நாலும் விழுந்தால் நினைத்தது அப்படியே நடக்கும்: 16க்கு 6. 3 அல்லது 4 விழுந்தால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்கணும்: 16க்கு 7. 2 விழுந்தால் சிக்கல்: 16க்கு 3. நன்றாக வரும் காரியம் என்று தாளில் எழுதியிருந்தால் இரண்டு முறை போட்டு நல்லதை எடுத்துக்கொள்ளலாம். அப்போது முழு வெற்றி 256க்கு 156, கிட்டத்தட்ட 61 சதவீதம். சிக்கல் 256க்கு 9, நாலு சதவீதம்கூட இல்லை.

"நடக்கும், ஆனால் விலை உண்டு" என்ற நடுப்படி என் கண்டுபிடிப்பு இல்லை. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டும் அதைப் பின்பற்றி வந்த விளையாட்டுகளும் சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டை வைத்து இதைத்தான் செய்கின்றன: 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழ் கதைசொல்லியின் கை. புதியவர்களுக்கு இந்த நடுப்படிதான் உயிர். கதை எப்போதும் நகரும். தாயக்கட்டையில் கூடுதலாக ஒரு லாபம்: விதியை விளக்கவே வேண்டாம். தாயம் விழுந்தால் கத்தணும் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் காட்சி. இரவு. பொறிகளுக்குப் பயந்து விடியும் வரை காத்திருக்க வேண்டும், ஆனால் கூட்டத்துக்குப் பசி. சாமைப் புனத்தின் நடுவில் பரண், அதில் நெருப்பு வெளிச்சம்.

"நான் மெதுவா பரண்கிட்ட போறேன்," என்றான் பொய் வழிகாட்டி.

"எப்படிப் போற? நின்னுக்கிட்டா, ஊர்ந்தா?"

"ஊர்ந்துதான். சத்தம் வரக்கூடாதுல்ல."

"மேல இருந்து பார்க்கிறவருக்கு, ஊர்ந்து வர்றது மனுஷன் மாதிரி தெரியாது, பன்றி மாதிரி தெரியும். கையில கவண் இருக்கு. தெரிஞ்சுதான் போறியா?"

இதை உருட்டுவதற்கு முன்னாடியே சொல்லிவிட வேண்டும் என்பது அந்தக் கூத்தரிடம் கற்றது. பல கதைசொல்லிகள் உருட்டிய பிறகு "ஹா, கல்லடி பட்டுட்ட" என்பார்கள். அது ஏமாற்று வேலை. பாத்திரத்துக்குத் தெரிந்திருக்கும் ஆபத்து ஆட்டக்காரருக்கும் தெரிய வேண்டும். தெரிந்தும் ஊர்ந்தால் அது அவர் முடிவு. அப்போதுதான் பகடை கையில் இருக்கும்போது நெஞ்சு அடிக்கும்.

ஊர்ந்தான். 3 விழுந்தது. பரணை அடைந்தான், கல் முழவில் பட்டுத் தோல் கிழிந்தது. நன்னன் சபையில் கிழிந்த முழவோடு எப்படி ஆடுவது? அடுத்த ஒரு மணி நேரக் கதை அந்தக் கிழிசலிலிருந்து வந்தது. நான் எதுவும் தயார் செய்து வைத்திருக்கவில்லை.

எங்களோடு வந்த முதல் வருஷப் பையன் ஒருத்தன், இதே மலையில் ஒரு ஊர்க்காரன். சுமை தூக்குகிறவர் பாத்திரம் எடுத்திருந்தான், அதுவரை வாயே திறக்கவில்லை. இரண்டாவது காட்சிக்கு நான் கல்திட்டைகளைக் கொண்டு வந்தேன். மலையில் பெருங்கற்காலத்தவை நிஜமாகவே இருக்கின்றன: பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல், முன் கல்லில் வட்டமாக ஒரு துளை. "உள்ளே போக அந்தத் துளை மட்டும்தான் வழி, பெரிய ஆள் நுழைய முடியாது" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "அது குள்ளர் வீடுக்கா. எங்க ஆயா சொல்லும்" என்றான். பிறகு அவன்தான் பேசினான். குள்ளர்கள் எப்படி இருப்பார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்று நான் கேட்கக் கேட்க அவன் சொன்னான், மற்றவர்கள் கேட்டார்கள். டோல்கீன் 1937இல் ஹாபிட்டில் எழுதிய குள்ளர்களை நாங்கள் எல்லோரும் சினிமாவில் பார்த்திருக்கிறோம். அந்த அறையில் வேறு குள்ளர் கதை ஒன்று இருந்தது எங்களுக்குத் தெரியாது. கதைசொல்லிக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? "நீ சொல்லு, அங்க என்ன இருக்கு?" என்று ஆட்டக்காரரைக் கேட்பதும் விளையாட்டில் ஒரு நகர்வுதான்.

மூன்றாவது காட்சியில்தான் நான் தடுக்கி விழுந்தேன். சண்டை ஒன்று வேண்டுமே என்று, "காட்டுக்குள்ள கோடாரியோட மரம் கடத்துற கும்பல், மலைவாசிங்க, எட்டுப் பேர்" என்று ஆரம்பித்தேன். டி அண்ட் டியில் காப்ளின் வருமே, அந்த இடத்தில் இவர்கள். யோசிக்கவே இல்லை. அந்தப் பையன் தாளைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, கூலிக்கு மரம் வெட்டப் போறது எங்க ஊர்க்காரங்க. அவங்களைத்தான் அடிக்கணுமா?"

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி அந்த மாநில போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். ஜவ்வாது மலை ஊர்க்காரர்களும் அவர்களில் உண்டு. எனக்கு அது ஒரு பழைய செய்தி. அவனுக்கு அப்படி இல்லை. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "மன்னிச்சுக்கோடா, அந்தக் காட்சியை எடுத்துடறேன்" என்றேன்.

எடுத்துவிட்டு என்ன வைப்பது? அவனே சொன்னான்: எட்டுப் பேர் இருக்கட்டும், கோடாரியும் இருக்கட்டும், ஆனால் அவர்களைக் கூலிக்கு அனுப்பியவன் சம்பளம் தராமல் காட்டில் விட்டுவிட்டு ஓடிவிட்டான், அவர்களுக்கும் வழி தெரியாது. கூத்தர் கூட்டம் இப்போது பதின்மூன்று பேர். எங்களுக்கே வழி தெரியாது என்பது இன்னொரு விஷயம். சண்டை இல்லாமலே அன்றைக்கு எல்லோரும் மிகவும் பயந்த காட்சி அதுதான். காட்டின் ஓரத்தில் காவலர்களின் தீவட்டி தெரிந்தபோது, பதின்மூன்று பேரும் கூத்தர்தான் என்று நம்ப வைக்க வேண்டியிருந்தது. பாடவே தெரியாத எட்டுப் பேருக்கு விறலி பின்பாட்டு சொல்லிக் கொடுத்தாள். இரண்டு முறை போட்டாள். முதலில் 2. அடுத்து தாயம். பக்கத்து ரூம்காரர் சுவரைத் தட்டினார்.

யார் அரக்கர், யாரைக் கேள்வி கேட்காமல் வெட்டலாம் என்பது இந்த விளையாட்டின் பழைய சங்கடம். டி அண்ட் டியை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே ஆர்க், டிரௌ போன்ற இனங்களைப் பிறப்பாலேயே கெட்டவர்களாகக் காட்டியதை மாற்றுவதாக 2020இல் சொன்னது. 2024 புத்தகத்தில் ரேஸ் என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். நம்ம ஊரில் கதையை வைத்தால் இந்தக் கேள்வி இன்னும் கிட்டே வரும். அதற்குப் பயந்து மறுபடி ஐரோப்பியக் கோட்டைக்கும் சத்திரத்துக்கும் ஓடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. மலையை விட்டு ஓடியிருந்தால் குள்ளர் வீடும் கிடைத்திருக்காது. செய்ய வேண்டியது எளிது: ஆரம்பிக்கும் முன்னாடி "எந்த விஷயம் கதையில வேண்டாம்?" என்று கேட்டு, காரணம் கேட்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது தாளைக் கவிழ்த்து வைத்தால் காட்சி நிற்கும், அவ்வளவுதான். நான் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நடத்தப் போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். நாலு அல்லது ஐந்து பேர் போதும், ஏழு பேர் வந்தால் இரண்டு பேர் போனை எடுத்துவிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் முதல் ஆட்டத்தை இழுக்காதீர்கள். அனுபவசாலி ஒருத்தர் மேஜையில் இருந்தால் அவர் வாயைக் கட்டுவதுதான் பெரிய வேலை. "நீ இப்படிப் பண்ணு" என்று பக்கத்தில் இருப்பவருக்கு ஆட ஆரம்பித்துவிடுவார். குரல் மாற்றி நடிக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள், "என் ஆளு அவர்கிட்ட தண்ணி கேட்கிறார்" என்றாலே போதும். பிடித்துப்போய் முழு விதிகளுக்கும் போகணும் என்றால் காசு செலவழிக்க வேண்டாம்: டி அண்ட் டியின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். தமிழில் மாற்றி எழுதி வெளியிடக்கூட அனுமதி உண்டு. யாராவது செய்தால் நம்ம இதழிலேயே போடலாம்.

மலைபடுகடாத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தை இன்னும் சொல்லவில்லை. வழியில் நடுகற்கள் வரும், அவற்றுக்கு யாழ் வாசித்துவிட்டுப் போங்கள் என்பார் கூத்தர். செங்கம் பக்கம் நடுகற்கள் இன்றும் ஏராளம். எடுத்தனூரில் ஒன்று, திருடர்களோடு போராடிய கோவிவன் என்ற நாயின் உருவத்தோடு நிற்கிறது. அதற்கு அடுத்து அவர் சொல்வது: பாதை பிரியும் இடங்களில், பின்னால் வரும் இடம் தெரியாத புதுவர்களுக்காக, சரியான வழியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள்.

அதனால் ஆட்டம் முடிந்ததும் அவரவர் தாளின் பின்பக்கத்தில், அடுத்து விளையாட வரும் குழுவுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று வைத்தோம். அடுத்த கதைசொல்லி அந்த வரிகளைக் கதைக்குள் எங்காவது வைப்பார்: மரத்தில் கீறியதாக, பாட்டியின் பழமொழியாக, எப்படியோ. இப்போது பதினொரு தாள் சேர்ந்திருக்கிறது. கிழிந்த முழவைப் பற்றி மூன்று, குள்ளருக்கு உப்பு கொண்டு போகச் சொல்லி ஒன்று. சுமை தூக்குகிறவர் எழுதியது இது: "பரண்ல இருக்கிறவர்கிட்ட ஊர்ந்து போகாதீங்க. நின்னு, சத்தமா பேர் சொல்லுங்க. சாமைச் சோறு கிடைக்கும்."